பெரியப்பாவுக்கு நான்கு வரைவுகள்

பெரியப்பா இறந்து ஓராண்டு நெருங்கியபோது, அவரைப் பற்றி இரண்டு பக்க அளவில் ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தரும்படி அவருடைய மகன் என்னைக் கேட்டார். குடும்பத்தில் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒத்துப்போனதில்லை என்பது அண்ணனுக்குத் தெரியாததல்ல. “உனக்கு அவரைப் பிடிக்காது என்று தெரியும். யாருக்குத்தான் பிடித்தது? பொய் எழுதாமல் இருந்தால் போதும்” என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடிக்க எனக்கு ஏழு மாதமும் நான்கு வரைவுகளும் தேவைப்பட்டன. பிடிக்காத மனிதர் ஒருவரை எழுத உட்கார்ந்தால் கை எங்கெங்கே இடறுகிறது என்பதை அந்த ஏழு மாதத்தில் ஓரளவு கண்டுகொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிடிக்காதவர் வேறு, கொடியவர் வேறு. கொடியவரை எழுதுவது ஒருவகையில் எளிது. அவர் செய்த கொடுமையே கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வாசகரும் கேட்காமலே நம் பக்கம் வந்து நின்றுகொள்வார். பெரியப்பா யாரையும் அடித்தவர் அல்லர், ஏமாற்றியவர் அல்லர், பெற்ற உதவியை மறந்தவரும் அல்லர். ஆனாலும் அவர் அறைக்குள் வந்தால் பேச்சு தானாகத் தணியும். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வேறெங்கோ ஒரு வேலை இருப்பது திடீரென்று நினைவுக்கு வரும்.

காரணம், அவர் திருத்துவார். கருத்தைத் திருத்தினாலாவது வாதாடலாம். அவர் திருத்தியதெல்லாம் நாள், கிழமை, தொலைவு, எண்ணிக்கை. யாராவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வலது கைச் சுட்டுவிரலால் மேசைமேல் ஒரே ஒரு முறை தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் மறுமுறை தட்டமாட்டார். சொல்பவர் சொல்லி முடிக்கும்வரை விரலை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார், அது அதைவிட மோசம். அக்கா ஒருமுறை தனக்கு வேலை கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேர்காணலுக்குக் காலையிலேயே போய்க் காத்திருந்ததையும், கடைசிப் பெயராகவும் தன்னை அழைக்காமல் கதவைச் சாத்தப் போனதையும், சாத்துகிற கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தன் கோப்பைத் திணித்து நிறுத்தியதையும் அவள் எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் தட்டியது. “நீ செவ்வாய்க்கிழமை என்று தொடங்கினாய். செவ்வாய் இல்லை, புதன். செவ்வாயன்று நீ வீட்டில்தான் இருந்தாய்” என்றார் பெரியப்பா. அக்கா சற்று யோசித்துவிட்டு, “ஆமாம், புதன்” என்றாள். பிறகு உட்கார்ந்துகொண்டு, “அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது” என்று கதையை முடித்தாள். கதவுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

முதல் வரைவை ஒரே இரவில் எழுதினேன். கோபம் இருந்தால் கை வேகமாக ஓடும். கருமி, கர்வி, முசுடு, சிடுமூஞ்சி, குற்றமே காண்பவர், பிறர் மகிழ்ச்சி பொறுக்காதவர் என்று ஒரு பக்கத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பட்டங்களை அவருக்குச் சூட்டியிருந்தேன். இத்தகைய சொற்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சம் இருப்பதாகத் தெரியவில்லை. 1936இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆங்கில அகராதியை முழுவதுமாகச் சலித்து, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டும் சொற்களைத் திரட்டினார்கள். 17,953 சொற்கள் தேறின. தமிழில் யாரேனும் அப்படிச் சலித்தால் எத்தனை தேறுமோ, வசைக்கு மட்டும் தனிப் பெட்டி வைக்க வேண்டியிருக்கும்.

நம் மொழியில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருமுறை நடந்ததை என்றென்றைக்குமாக ஒருவர்மேல் ஒட்டிவிடும் விகுதிகள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. ஒருவர் கோபப்பட்டார் என்றால் அது ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு நேரம் உண்டு, ஒரு காரணம் உண்டு, அது முடிந்தும் போகும். கோபக்காரர் என்றால் அது முடிவதே இல்லை, தூங்கும்போதும் அவர் கோபக்காரர்தான். ‘மூஞ்சி’ இதைவிடக் கடுமையானது. சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, அழுமூஞ்சி என்னும்போது, கணநேரம் முகத்தில் தோன்றி மறைந்ததையே அந்த மனிதரின் முகமாக ஆக்கிவிடுகிறோம். வேறு முகம் அவருக்கு இருக்க வழியில்லை. நாம் சிடுசிடுத்தால் அதற்குத் தலைவலி காரணம், அவர் சிடுசிடுத்தால் அவருடைய பிறவி காரணம். பிறர் செய்வதற்குச் சூழ்நிலையை மறந்துவிட்டுக் குணத்தையே காரணமாகக் காட்டும் இந்தப் பழக்கத்தை ஓர் அடிப்படைப் பிழை என்றே 1977இல் லீ ராஸ் என்ற சமூக உளவியலாளர் பெயரிட்டு அழைத்தார். பெயரிட்டதால் பிழை குறைந்துவிடவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தும் அந்த இரவில் இருபது பட்டங்களை எழுதினேன்.

பட்டங்களை அடித்துவிட்டாலும் வெறுப்பு வேறு வழியில் உள்ளே நுழைந்துவிடும் என்பதைப் பின்னர் கவனித்தேன். தமிழில் ஒருவரைப் பற்றி முதல் வாக்கியம் எழுதும்போதே வினைமுற்றில் நம் தராசு தெரிந்துவிடுகிறது: வந்தான், வந்தார், வந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இது தினசரிச் சிக்கல். ஒரே அறைக்குள் இருவர் நுழைகிறார்கள், ஒருவர் நுழைந்தார், மற்றவன் நுழைந்தான் என்றால், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பெரியப்பாவுக்கு ‘அவர்’ தவிர வேறு வழியில்லை. ஆனால் அந்த ‘அவர்’ இருக்கிறதே, அதற்குள்ளேயே ஊசி வைக்கலாம். முதல் வரைவில் மூன்று இடங்களில் அவர் ‘திருவாய் மலர்ந்தார்’. ஓரிடத்தில் ‘எழுந்தருளினார்’. மரியாதை கூடக் கூட மரியாதை குறையும் விந்தை இது. மற்ற இடங்களில் அவர் சீறினார், உறுமினார், பொரிந்தார். உண்மையில் பெரியப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார், சொல்லிவிட்டு மெதுவாகக் கண்ணாடியைத் துடைப்பார். ‘என்றார்’ என்று எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வரைவை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இதில் பெரியப்பாவே இல்லையே. நீதான் இருக்கிறாய்” என்றாள்.

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. அந்த நாட்களில், மனிதரைக் குறிக்கும் சொற்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றைப் படித்தேன். 1968இல் நார்மன் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் 555 குணச்சொற்களை எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒருவரை எவ்வளவு பிடிக்கும் என்று 100 கல்லூரி மாணவர்களை மதிப்பெண் இடச் சொன்னார். பட்டியலின் உச்சியில் உளத்தூய்மை உடையவர் வந்தார், அடுத்து நேர்மையானவர். பொய்யர் கடைசியில் கிடந்தார். நான் அந்தப் பட்டியலின் மேல்வரிசையை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். நேர்மையானவர், உண்மை பேசுபவர், நம்பத்தக்கவர்: ஒவ்வொன்றும் பெரியப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. நான் அறிந்த மனிதர்களிலேயே மிகக் குறைவாகப் பொய் சொன்னவர் அவர்தான். பெரும்பாலும் எல்லாருக்கும் பிடிக்கக்கூடிய குணங்கள் அத்தனையும் ஒருங்கே வாய்த்த ஒருவரை ஏன் ஒருவருக்கும் பிடிக்கவில்லை? அன்றுதான் என் இருபது பட்டங்களின்மேல் எனக்கு ஐயம் வந்தது. நல்ல சொற்களாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை, கெட்ட சொற்களாலும் பிடிக்க முடியவில்லை என்றால், குணச்சொல் என்ற வலையில்தான் ஓட்டை.

இதற்கு முன்பே, 1946இல், சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, உறுதியானவர் என்பவை உட்பட ஏழு குணங்களைக் கொண்ட ஒரே பட்டியலை இரண்டு குழுக்களிடம் படித்துக்காட்டினார். நடுவில் ஒரு சொல் மட்டும் மாறியது. ஒரு குழுவுக்கு அவர் ‘வெதுவெதுப்பானவர்’, மற்றதற்குக் ‘குளிர்ந்தவர்’. அந்த ஒரு சொல் மாறியதில் ஆளே மாறிப்போனார். (தமிழில் இதை அப்படியே வைக்க முடியாது. நமக்கு உள்ளம் குளிர்ந்தால் மகிழ்ச்சி, சூடாகப் பேசினால் சண்டை. அன்பானவர், ஒட்டாதவர் என்றுதான் சொல்ல வேண்டும்.) அதே இடத்தில் பணிவானவர், வெடுக்கென்று பேசுபவர் என்று மாற்றிப் பார்த்தபோது பெரிய வேறுபாடு இல்லை. வெடுக்கென்று பேசுபவரைப் பொறுத்துக்கொள்கிறோம், ஒட்டாதவரைத்தான் பொறுக்க முடிவதில்லை என்று நான் அதை விளங்கிக்கொண்டேன். பெரியப்பா அக்காவின் கிழமையைத் திருத்தியது எங்களுக்கு வலிக்கவில்லை. சாத்தப்பட்ட அந்தக் கதவைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லாததுதான் வலித்தது. இதை ஒரு வாக்கியமாக எழுத முடிந்ததும் ‘முசுடு’ தானாக உதிர்ந்தது.

இரண்டாம் வரைவில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். பட்டம் சூட்டுவது தவறு என்றால் காரணம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பெரியப்பாவின் சின்ன வயதிலேயே அவருடைய தந்தை இறந்துவிட்டார். பள்ளிப் பருவத்திலேயே வீட்டின் வரவுசெலவு பெரியப்பாவின் கைக்கு வந்தது. கணக்கில் ஓர் எண் தவறினால் வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாது. ஆகவே பிழை என்றால் அவருக்கு அச்சம், ஆகவே அவர் திருத்தினார். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அக்காவுக்குக் கலங்கவில்லை. “அப்பாவும் அதே வீட்டில்தானே வளர்ந்தார். அப்பா யாரைத் திருத்தினார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிடிக்காதவர்களின் குழந்தைப் பருவத்தைத் தோண்டி ஒரு துயரத்தை எடுத்து வந்து வாசகர் முன்னால் வைப்பது இன்று எங்கும் காணும் உத்தி. கதைகளில் முக்கால்வாசி வில்லன்களுக்கு இப்போது ஒரு சோகமான முன்கதை கட்டாயமாகிவிட்டது. எனக்கு அதில் இருந்த ஈர்ப்பு எனக்கே பிடிக்கவில்லை. காரணம் சொல்லிவிட்டால் அந்த மனிதரைப் பார்க்கும் வேலை முடிந்துவிடுகிறது. பட்டம் சூட்டியபோதும் பார்க்கவில்லை, பாவம் பார்த்தபோதும் பார்க்கவில்லை. ‘பாவம் பார்ப்பது’ என்ற சொல்லில் பார்ப்பது இருப்பது வேடிக்கை. மேலும், இரண்டாம் வரைவைப் பெரியப்பா படித்திருந்தால் விரல் தட்டியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அடுப்பு எரியாத நாட்கள் எத்தனை என்று நான் எண்ணிச் சொல்லியிருக்கவில்லை.

காரணத்தைச் சொல்லவே கூடாது என்பதல்ல. எவ்வளவு சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான். இதற்கு நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம், கம்பர் மந்தரையை அறிமுகப்படுத்தும் பாடல்கள். முதல் இரண்டு பாடல்களில் அவள்மேல் வசை மழையாகப் பொழிகிறது: இராவணன் இழைத்த தீமைபோல் தோன்றினாள், கொடுமனக் கூனி, எரி கக்கும் கண்ணினள், மூன்று உலகுக்கும் இடுக்கண் மூட்டுபவள். என் முதல் வரைவை அவர் எழுதியதுபோல் இருக்கும். மூன்றாம் பாடலில், அவள் கைகேயியின் அரண்மனையை நோக்கி விரையும்போது, இராமன் முன்னொரு நாளில் தன்மேல் எய்த மண் உருண்டையை நினைத்துக்கொள்கிறாள்: ‘உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’. அவ்வளவுதான். ஒரு சிறுவன் விளையாட்டு வில்லால் ஒரு வேலைக்காரியின்மேல் அடித்தது. அவள் பட்ட வலியைக் கம்பர் விவரிக்கவில்லை, அவளுக்காக வாதாடவில்லை, அதனால்தான் இப்படிச் செய்தாள் என்று முடிச்சுப் போடவும் இல்லை. அவள் நடந்துகொண்டே அதை நினைக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒன்றரை வரி இல்லாவிட்டால் மந்தரை வெறும் தீமை. அதையே பத்துப் பாடல்களாக நீட்டியிருந்தால் அவள் பாவப்பட்டவள். இப்போது அவள் இரண்டுமாக இல்லாமல், நாம் மறக்க முடியாத ஒருத்தியாக நிற்கிறாள். கைகேயியிடமும் இதே துணிச்சல் உண்டு. மனம் திரிந்து அருளைக் கைவிடும் பாடலிலேயே அவளைத் ‘தூமொழி மடமான்’ என்கிறார். வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்தில் அவளுக்குப் பாம்பு, நஞ்சு என்று எதையாவது தேடியிருப்பார்கள்.

மூன்றாம் வரைவு ஒரு விளையாட்டாகத் தொடங்கியது. நான் பேசாமல் அவரையே பேசவிட்டேன். ‘இவர்கள் புதன்கிழமையைச் செவ்வாய் என்கிறார்கள். ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இன்று கிழமையை விட்டுவிட்டால் நாளை ஆளை மாற்றுவார்கள், நாளைக்கு மறுநாள் நடக்காததை நடந்தது என்பார்கள். வீட்டில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்’ என்று அவர் சொல்வதாக எழுதினேன். எழுதியவற்றில் இதுதான் படிக்கச் சுவையாக இருந்தது. தன்மையில் பேசும் மனிதரை வாசகர் எளிதில் விட்டுப் போகமாட்டார். தனக்குத்தானே அவர் வில்லன் அல்லவே, தன் பார்வையில் அவர் ஒரு காவல்காரர். கதை எழுதுகிறவர்கள் பிடிக்காத பாத்திரத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு பக்கம் அவரையே பேசவைத்துப் பார்க்கலாம் என்று இப்போது சொல்வேன், அந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துப் போட்டாலும் சரி. நான் கிழித்துத்தான் போட்டேன். அந்தப் பேச்சில் இருந்த குறும்பு என்னுடையது. பெரியப்பாவுக்குக் குறும்பு கிடையாது. ஒருவரைப் பிடிக்கும்படி ஆக்குவதற்காக அவரிடம் இல்லாத நகைச்சுவையை அவருக்குக் கடன் கொடுப்பது, அவரைத் திட்டுவதைவிடப் பெரிய பொய் என்று தோன்றியது. பொய் வேண்டாம் என்ற அந்த ஒன்றைத்தான் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதைகளைப் பற்றிப் பேசும்போது ‘இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதை ஒரு விமரிசனமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது விமரிசனமாகத் தோன்றியதில்லை. பக்கத்து இருக்கையில் பத்து மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்ய விரும்பாத ஒருவரைப் பற்றிப் பத்து மணி நேரம் ஆர்வத்தோடு படிக்க முடிகிறது. அடுத்து என்ன செய்வார் என்பது தெரியாமல் இருந்தால் போதும். கசப்பான பாத்திரம் தோற்பது கசப்பினால் அல்ல, அடுத்து அவர் செய்யப்போவது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால்தான்.

செயலைத் தவிர வேறு எதையும் எழுதாமல் இருந்தால் என்ன என்ற எண்ணத்துக்கு நான் வந்து சேர்ந்தது பழைய கிரேக்கர் ஒருவர் வழியாக. கிமு 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் 30 மனிதக் குறைகளுக்கு 30 சிறு சித்திரங்கள் எழுதினார். முகத்துதி செய்பவர், வாயாடி, கருமி, தற்பெருமைக்காரர் என்று எல்லாமே பிடிக்காதவர்கள். நல்லவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு சித்திரத்திலும் குணத்துக்கு ஒரு வரி விளக்கம், பிறகு நிற்காமல் செயல்கள். அவருடைய கருமியின் மனைவி ஒரு செப்புக் காசைக் கீழே தவறவிட்டால், அவன் கட்டில்களையும் பெட்டிகளையும் நகர்த்தித் தேடுவான். அண்டை அயலாருக்கு உப்பு, விளக்குத் திரி எதையும் இரவல் கொடுக்காதே, இந்தச் சின்னச் சின்னவை ஆண்டு முடிவில் பெரிதாகச் சேர்ந்துவிடும் என்று மனைவியிடம் சொல்வான். அவனைப் பற்றி எழுதியவர் எங்கும் கோபப்படவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த நகர்ந்த கட்டில் கண்ணில் நிற்கிறது. நான் சூட்டிய இருபது பட்டங்களில் ஒன்றுகூட இரண்டு மாதம் தாங்கவில்லை.

அப்படி எழுத உட்கார்ந்தபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பெரியப்பாவை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவன் நான். அவர் எந்தக் கையால் எழுதினார், நடக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தார், சிரித்தால் பல் தெரியுமா என்பது எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த விரல், அந்த மேசை, கண்ணாடியைத் துடைக்கும் துணி இவை மட்டும் துல்லியமாக இருந்தன. பிடிக்காதவரை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. நம்மைக் காயப்படுத்திய பகுதியை மட்டும் உற்றுப் பார்க்கிறோம். அந்தப் பகுதியை அன்புள்ளவர்களைவிட நாம் நன்றாகவே பார்த்திருப்போம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணனிடம் விரலைப் பற்றிக் கேட்டேன். தன் தந்தை அப்படித் தட்டுவார் என்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. பெரியப்பா இடதுகைக்காரர் என்பதும், எழுத மட்டும் வலது கையைப் பழக்கிக்கொண்டவர் என்பதும் எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

அதன்பின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. முதல் மூன்று வரைவுகளிலும் நான் அதைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதில் சின்னத்தனம் என்னுடையது. கண் அறுவைக்குப் பிறகு கட்டுப் போட்ட கண்களோடு பெரியப்பா மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு பிற்பகல் அவருக்கு நாளிதழ் படித்துக்காட்டும் முறை எனக்கு வந்தது. ஒரு நீண்ட செய்தி. இதற்கு மூன்று காரணங்கள் என்று தொடங்கியது. இரண்டாவது காரணத்துக்குப் பிறகு ஒரு பத்தி முழுவதையும் நான் வேண்டுமென்றே தாண்டிவிட்டு, கடைசிப் பத்தியைப் படித்தேன். சோம்பல் பாதி; அவருக்குத் தெரியாது என்ற அற்பத் திருப்தி மீதி. கட்டிலின் ஓரக் கம்பிக்கு மேலாக அவருடைய வலது கை எழுந்தது. சுட்டுவிரல் நீண்டது. நான் படிப்பதை நிறுத்தினேன். விரல் சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு தட்டாமலே இறங்கிப் போர்வைமேல் படுத்துக்கொண்டது. “சரி, மேலே படி” என்றார்.

அவர் ஏன் தட்டவில்லை என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது காரணம் வராததை அவர் கவனித்துவிட்டார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

நான்காம் வரைவில் இதைச் சேர்த்ததும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஆஷின் அதே 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அறிவாளி, உழைப்பாளி, உணர்ச்சிவசப்படுபவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்ற ஆறு சொற்களை ஒரு குழுவுக்கு இந்த வரிசையிலும், மற்றொரு குழுவுக்குத் தலைகீழாகவும் படித்துக்காட்டினார். முதல் குழு, சில குறைகள் உள்ள திறமையான மனிதரைக் கண்டது. இரண்டாம் குழு, திறமை இருந்தும் தன் குறைகளால் முடங்கிப்போன ஒருவரைக் கண்டது. சொற்கள் ஒன்றுதான், மனிதர்கள் இருவர். சொற்பட்டியலில் முதலில் வருவது மற்றதையெல்லாம் தன் நிறத்துக்கு மாற்றிவிடுகிறது. கதையில் அந்த அதிகாரம் முடிவுக்கும் உண்டு, பல நேரங்களில் முடிவுக்கே அதிகம். மருத்துவமனையைக் கடைசியில் வைத்தால், ஆயுள் முழுவதும் திருத்திய ஒருவர் இறுதியில் மென்மையாகிவிட்டார் என்ற கதை தானாகப் பிறந்துவிடும். அது நடக்கவில்லை. வீடு திரும்பிய மறுநாளே, மருத்துவமனையில் எத்தனை நாள் இருந்தார் என்று தவறாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை அவர் திருத்தினார். ஆகவே அந்தப் பிற்பகலை நடுவில் வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரரை அதற்குப் பிறகு வைத்தேன்.

முடிவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் இருந்ததாக அண்ணன் அதை என்னிடம் கொடுத்தபோது, நான் எதிர்பார்த்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் காட்டாத ஒரு மனத்தை அவர் அதில் எழுதி வைத்திருப்பார், அதைக் கடைசிப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது இரவல் கணக்கு. பதினோரு ஆண்டுகளில் அவரிடமிருந்து யார் யார் எதை எதை எடுத்துப் போனார்கள் என்பது நான்கு கட்டங்களில்: பொருள், பெற்றவர், கொடுத்த நாள், திரும்பிய நாள். கத்தரிக்கோல், ஏணி, அகராதி, சுத்தியல். ஓரங்களில் எதுவும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூட வழுக்கவில்லை. என் பெயர் ஒரே இடத்தில் இருந்தது. ‘குடை. கறுப்பு. ஒரு கம்பி வளைந்தது.’ கொடுத்த நாள் இருந்தது, திரும்பிய நாளுக்கான கட்டம் காலியாக இருந்தது. நான் அந்தக் குடையை வாங்கிய நினைவே எனக்கு இல்லை. ஆனால் அவர் தவறாக எழுதியிருக்க வாய்ப்பில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நினைவுக் குறிப்பை அந்தப் பதிவோடு முடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அழைத்தார். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தக் குடை இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.